ரேக் புஷ் தேய்ந்தால்: அடியில் ஒரு மில்லிமீட்டர், கையில் ஓர் அங்குலம்

நேர் ரோட்டில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வண்டி இடமும் வலமுமாக அலைகிறது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒரு கணம் ஒன்றும் நடக்காமல், பிறகு சட்டென்று வண்டி திரும்புகிறது. நின்ற இடத்தில் திருப்பினால் அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். அலைன்மென்ட் பார்த்தாயிற்று, டயர் மாற்றியாயிற்று, சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை மூட்டான டை ராட் எண்டும் புதிது. அப்படியும் போகவில்லை என்றால் அடுத்து பார்க்க வேண்டியது ஸ்டீயரிங் ரேக்கைச் சேஸிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, பிடித்திருக்கும் ரப்பர் புஷ்களைத்தான். ரேக் என்பது ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இடவலமாக நகர்ந்து முன்சக்கரங்களைத் திருப்பும் பல் வைத்த கம்பியும் அதன் கூடும்; அந்தப் பல்லைத் தள்ளும் சின்னப் பல்சக்கரம்தான் பினியன்.

இங்கே எழுதுவது டொயோட்டாவின் ஒரு குடும்பத்தை மனதில் வைத்து: 1996 முதல் 2002 வரை வந்த பிராடோ 90, அதே காலத்து ஹைலக்ஸ் சர்ஃப் 185, அமெரிக்காவில் அதற்கு ஃபோர் ரன்னர் என்று பெயர், கூடவே 1995–2004 டகோமா. வளைகுடாவிலும் இலங்கையிலும் இந்த வண்டிகள் இன்னும் மண்ணில் உழைக்கின்றன. எல்லாவற்றுக்கும் இப்போது இருபது வயது தாண்டிவிட்டது. அடியில் இருக்கும் ரப்பருக்கும் அதே வயதுதான். முன்னால் இரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் இண்டிபென்டன்ட் சஸ்பென்ஷனும் ரேக் பினியன் ஸ்டீயரிங்கும் உள்ள வேறு ஃபோர் வீல் வண்டிகளுக்கும் வேலையின் அடிப்படை இதுதான். போல்ட் இருக்கும் இடம் மட்டும் மாறும்.

ஜிப்ஸி, ஜிம்னி, பழைய ஜீப், லேண்ட் குரூசர் 80 வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ரேக்கைத் தேட வேண்டாம். அவற்றில் முன்னால் இருப்பது ஒரே கட்டை ஆக்ஸில். ஸ்டீயரிங் பாக்ஸ்தான் உண்டு, ரேக் கிடையாது. அங்கே ஆட்டம் வந்தால் கிங் பின் பேரிங், டை ராட், ஸ்டீயரிங் டேம்பர் என்று பார்க்கும் வழி வேறு.

ஒரு கணக்கு

ரேக் புஷ் ஆடுவதை ‘கொஞ்சம்தானே ஆடுகிறது’ என்று விட்டுவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி விடத் தோன்றாது. ஸ்டீயரிங்கை ஒரு முழுச் சுற்று சுற்றினால் ரேக் கம்பி சுமார் 45 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 38 செ.மீ. விட்டமுள்ள ஸ்டீயரிங்கின் விளிம்பு அந்த ஒரு சுற்றில் கிட்டத்தட்ட 1200 மி.மீ. பயணிக்கிறது. ஆக, அடியில் 1 மி.மீ. என்றால் கையில் சுமார் 26 மி.மீ., அதாவது ஓர் அங்குலம்.

ரேக் தன் இடத்தில் உறுதியாக இருந்தால்தான் பினியன் அதன் பல்லைத் தள்ளும்போது சக்கரம் திரும்பும். புஷ் நசுங்கியிருந்தால் சக்கரம் திரும்புவதற்கு முன் ரேக்கின் உடம்பே எதிர்ப்பக்கம் நகர்கிறது. 3 மி.மீ. நகரும் புஷ்ஷில் சக்கரத்துக்குச் சேதி போவதற்குள் கை மூன்று அங்குலம் திரும்பியிருக்கும். நெடுஞ்சாலையில் நாம் செய்யும் திருத்தங்கள் எல்லாம் இந்த மூன்று அங்குலத்துக்குள்தான் அடங்கும். அதனால்தான் வண்டி நாம் சொல்வதைக் கேட்காமல் தன் போக்கில் போவதுபோலத் தெரிகிறது.

ரப்பர் ஏன் போகிறது

வயதானால் இறுகி வெடிப்பது இயல்பு. அதைவிட வேகமாகக் கொல்வது எண்ணெய். மேலே பவர் ஸ்டீயரிங் ஹோஸ் கசிந்தாலும், வால்வ் கவர் பேக்கிங் வழியாக என்ஜின் ஆயில் வடிந்தாலும் அது வந்து சேரும் இடம் இந்தப் புஷ். எண்ணெய் குடித்த ரப்பர் ஊதி, மெதுவாகி, விரலால் அழுத்தினால் மெழுகுபோலக் குழையும். புஷ் அந்த நிலையில் இருந்தால் கசிவை நிறுத்தாமல் புதிதைப் போடுவது வீண் செலவு.

மூன்றாவது காரணம் நாமே செய்வது. 33 அங்குல டயர், வெளியே தள்ளி நிற்கும் ரிம். கல்லுக்கு நடுவில் வண்டி நின்றிருக்க, ஸ்டீயரிங்கை முழுப் பலத்தோடு திருப்புவோம். ஹைட்ராலிக் அழுத்தம் டயரை நகர்த்த முடியாதபோது அந்த விசை முழுவதும் ரேக்கைச் சேஸிஸிலிருந்து பிய்க்கப் பார்க்கும். ஓரடியாவது வண்டியை நகர்த்திக்கொண்டே திருப்பும் பழக்கம் இருந்தால் புஷ் பல வருடம் கூடுதலாக உழைக்கும்.

புஷ்தான் என்று உறுதிசெய்வது

வண்டி சமதரையில், நான்கு சக்கரமும் தரையில், ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்திருக்க வேண்டும். அடியைக் காக்கும் ஸ்கிட் பிளேட்டைக் கழற்றிவிட்டு, ரேக்கின் உடம்பிலிருந்து அது பிடிக்கப்பட்டிருக்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பர் வரைக்கும் பெயின்ட் மார்க்கரால் ஒரே நேர்க்கோடு இழுக்கவும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோடு. என்ஜினை ஓட விட்டு, ஒருவர் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் ஆட்ட வேண்டும். அடியில் படுத்துப் பார்ப்பதைவிட மொபைலை வீடியோவில் போட்டு அடியில் சாய்த்து வைப்பது மேல். ஓடும் வண்டிக்கடியில் தலையும் கையும் இருக்காது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கோடு எவ்வளவு விலகுகிறது என்று அளக்கவும் முடியும்.

நல்ல ரப்பர் புஷ்ஷிலும் கோடு கொஞ்சம் அசையும்; அது ரப்பரின் இயல்பு. அசைவு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால், அல்லது அசைவின் முடிவில் இரும்பில் இரும்பு இடிக்கும் சத்தம் கேட்டால், மாற்ற வேண்டியதுதான். என்ஜினை அணைத்துவிட்டு ஆட்டினால் இந்த அசைவு சரியாகத் தெரியாது. பவர் ஸ்டீயரிங்கின் அழுத்தம் வந்தால்தான் புஷ்மேல் உண்மையான பாரம் ஏறும்.

கோடு விலகவே இல்லை, ஆனால் கையில் ஆட்டம் இருக்கிறது என்றால் குற்றவாளி வேறு. ரேக்கின் முனையில் இருக்கும் மடிப்பு உறையான ரப்பர் பெல்லோஸைக் கையால் பிடித்துக்கொண்டு சக்கரத்தை ஆட்டச் சொன்னால் உள்பக்க டை ராட் ஜாயின்டின் இடிப்பு விரலுக்குத் தெரியும். ஸ்டீயரிங் ராடில் இருக்கும் மடங்கு மூட்டான யூனிவர்சல் ஜாயின்டையும் பார்க்கவும். மேல் பாதி திரும்பிய பிறகு கீழ்ப் பாதி திரும்பினால் அதுதான்.

பெல்லோஸைப் பிடிக்கும்போதே அதை அழுத்திப் பார்க்கவும். உள்ளே திரவம் குலுங்கினால் ரேக்கின் சீல் போய்விட்டது. அந்த ரேக்குக்குப் புஷ் மாற்றுவது ஓட்டைப் பானைக்குப் புது மூடி வாங்குவதுபோல. ரேக்கை ரீகண்டிஷன் செய்யும்போது புஷ்ஷையும் சேர்த்து மாற்றினால் ஒரே கூலி.

இந்தக் குடும்ப வண்டிகளில் இன்னொன்றைச் சொல்லாமல் நகர முடியாது: லோயர் பால் ஜாயின்ட், அதாவது சக்கரத்தைக் கீழ் ஆர்மோடு சேர்க்கும் உருண்டை மூட்டு. பல வண்டிகளில் வண்டியின் பாரம் பால் ஜாயின்டை அழுத்தும். இதில் பாரம் அதைப் பிரித்து இழுக்கிறது. தேய்ந்து கழன்றால் சக்கரம் மடிந்து, வண்டி மூக்குக் குத்தி நிற்கும். ரேக் புஷ் போனால் எரிச்சல். இது போனால் ஆபத்து. லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து டயரைத் தரையிலிருந்து தூக்கி, கடப்பாரையால் நெம்பிப் பார்க்கவும். ஆட்டம் தெரிந்தால் முதலில் அது, பிறகு புஷ்.

சில பட்டறைகளில் ஆட்டம் என்றதும் ரேக்கின் பின்னால் இருந்து அதைப் பினியனோடு அழுத்திப் பிடிக்கும் ரேக் கைடு நட்டை ஒரு கால் சுற்று இறுக்கிக் கொடுப்பார்கள். கையில் உடனே இறுக்கம் தெரியும். ஆனால் பல்லின் நடுப்பகுதியில் தேய்மானம் இருப்பதால் நடுவில் சரியாகும் ரேக் ஓரங்களில் பிடிக்கும். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. புஷ்ஷின் ஆட்டத்துக்கு அந்த நட்டில் மருந்து இல்லை.

என்ன வாங்குவது

ரேக் பொதுவாக இரண்டு விதமாகப் பிடிக்கப்பட்டிருக்கும். பினியன் இருக்கும் பக்கம், அதாவது ஓட்டுநர் பக்கம், ரேக்கின் வார்ப்பிலேயே காதுகள் உண்டு. அவற்றுக்குள் நடுவில் இரும்புக் குழாய் வைத்த உருளைப் புஷ்கள். மறுபக்கம் ரேக்கின் குழாயைச் சுற்றி ஒரு டி-புஷ். அதை ஒரு கிளாம்ப் கிராஸ் மெம்பரோடு அழுத்திப் பிடிக்கும். உருளைப் புஷ்கள்தான் ரேக் பக்கவாட்டில் நகராமல் நிறுத்துபவை. டி-புஷ் தாங்கல் மட்டுமே. ஆகவே டி-புஷ்ஷை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால் கோடு முன்போலவே விலகும்.

டொயோட்டா கடையில் கேட்கும்போது ‘புஷ்’ என்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பாகப் பட்டியலில் அதன் பெயர் ‘ரேக் ஹவுசிங் குரோமெட்’. சேஸிஸ் எண்ணைக் கொடுத்துத் தேடச் சொல்லவும். வலக்கை ஓட்டு, இடக்கை ஓட்டு வண்டிகளுக்கு ரேக் வேறு என்பதால் இணையத்தில் படம் பார்த்து வாங்கிவிட வேண்டாம்.

பாலியூரித்தேன் கிட்டுகள் எனர்ஜி சஸ்பென்ஷன், சூப்பர்புரோ, ஒயிட்லைன் போன்ற பெயர்களில் கிடைக்கின்றன. எண்ணெய்க்குப் பயப்படாது, நசுங்காது, ஸ்டீயரிங் சொன்னதும் கேட்கும். விலையாகக் கொடுப்பது அதிர்வு. தகரம்போல அலை அலையாக இருக்கும் மண் ரோட்டில் ஒவ்வொரு மேடும் கைக்கு வரும். நெடுஞ்சாலையும் வார இறுதி மண்ணும் என்றால் பாலியூரித்தேனுக்கே என் ஓட்டு. நாள் முழுக்கக் கல் ரோட்டில் ஓடும் வண்டி என்றால் கம்பெனி ரப்பர்தான் நல்லது; மணிக்கட்டு வலிக்காது.

லேத் பட்டறையில் நைலானில் கடைந்து போடும் வழக்கமும் உண்டு. மலிவு, அன்றைக்கே கிடைக்கும். ஆனால் நைலான் ஈரத்தைக் குடித்துப் பருக்கும். அதற்கு நெகிழ்வும் இல்லை. பாறையில் டயர் இடிக்கும் அடியைப் புஷ் வாங்காவிட்டால் ரேக்கின் காது வாங்கும். காது வெடித்தால் முழு ரேக்கும் போச்சு. கிளாம்புக்குள் பழைய டியூப் ரப்பரைச் சுற்றிச் செருகுவது நடுக்காட்டில் மாட்டிக்கொண்டவர் வீடு வந்து சேர்வதற்கான வழி. நாலு நாளில் நசுங்கிவிடும்.

புஷ்ஷோடு சேர்த்து வாங்க வேண்டியவை: டை ராட் எண்டின் நட்டு கழலாமல் தடுக்கும் இரண்டு புதுக் காட்டர் பின், தேய்ந்திருந்தால் மாற்ற ரேக் போல்ட்டும் நட்டும். போல்ட்டை வன்பொருள் கடையில் நீளம் மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. தலையில் இருக்கும் வலிமைக் குறியும் மரையின் நெருக்கமும் பழையதோடு பொருந்த வேண்டும்.

கழற்றுவது

வேலைக்கு முந்தைய நாளே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிடவும். மரையில் ஒட்டிய மண்ணை முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்த பிறகு அடித்தால்தான் உள்ளே இறங்கும். 17, 19, 22 சாக்கெட் மூன்றும், நீளமான பவர் பாரும், இறுக்கும் அளவை (டார்க்) காட்டும் டார்க் ரெஞ்சும் கையில் இருக்கட்டும். முதல் தடவை செய்பவருக்கு அரை நாள் வேலை; துரு பிடித்த வண்டி என்றால் முழு நாளை ஒதுக்கவும்.

சக்கரத்தை நேராக வைத்து, சாவியை எடுத்து, ஸ்டீயரிங் லாக் ஆகட்டும். சீட் பெல்ட்டாலும் ஸ்டீயரிங்கைக் கட்டிவிடவும். ஏர்பேக் உள்ள வண்டியில் இது கட்டாயம். யூனிவர்சல் ஜாயின்டைக் கழற்றிய பிறகு யாராவது ஸ்டீயரிங்கைச் சுற்றிவிட்டால் அதற்குள் சுருண்டிருக்கும் ஏர்பேக் கேபிள் அறுந்துவிடும். புஷ்ஷின் விலையைவிட அதன் விலை பல மடங்கு.

முன்பக்கத்தைத் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, சக்கரங்களைக் கழற்றவும். ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. டை ராட் எண்டின் காட்டர் பின்னை எடுத்து, நட்டை முழுதாகக் கழற்றாமல் நாலு மரையில் விட்டுவைக்கவும். புல்லர் இருந்தால் புல்லர். இல்லையென்றால் ஸ்டீயரிங் ஆர்மின் கண்ணுக்கு ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி இரண்டு அடி. அடி விழ வேண்டியது ஆர்மின் பக்கவாட்டில். மரையின் தலையில் அல்ல. கவை போன்ற பிளவு உளி வேலையைச் சீக்கிரம் முடிக்கும், கூடவே ரப்பர் பூட்டையும் கிழித்துவிடும். டை ராட் எண்டை ராடிலிருந்து திருகிக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை; அதைத் தொடாவிட்டால் முன்சக்கரங்கள் உள்ளே வெளியே பார்க்கும் டோ அளவு அப்படியே இருக்கும்.

யூனிவர்சல் ஜாயின்டும் பினியன் தண்டும் சேரும் இடத்தில் பெயின்ட் குறி வைத்துவிட்டு, ஜாயின்டைத் தண்டில் நெரித்துப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டை முழுதாக வெளியே எடுக்கவும். தண்டில் அந்தப் போல்ட்டுக்கென்று ஒரு பள்ளம் இருப்பதால் தளர்த்தினால் மட்டும் வெளிவராது. இளகாவிட்டால் பிளவில் திருப்புளியைச் சற்றே செருகி விரிக்கலாம். சுத்தியலால் பினியனை அடிக்கக் கூடாது.

ஹைட்ராலிக் ஹோஸ்களைக் கழற்ற வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். ரேக்கை வெளியே எடுக்காமல், போல்ட்டுகளை உருவி, இருக்கும் இடத்திலேயே முன்னும் பின்னும் நகர்த்திப் புஷ்ஷை மாற்றிவிடலாம். ஆனால் ரேக்கின் எடை ஹோஸில் தொங்கக் கூடாது. இரண்டு முனையிலும் கயிறோ கம்பியோ போட்டுத் தொங்கவிடவும். இரும்புக் குழாய்கள் நெளிந்தால் இணைப்பில் கசியும். இடமே போதவில்லை என்றால் ஹோஸைக் கழற்ற வேண்டியதுதான். அப்போது வாயை உடனே அடைத்துவிட்டால் மணல் போகாது.

பழைய புஷ்ஷை வெளியே எடுப்பது

நேரம் போவது இங்கேதான். டி-புஷ் தொல்லை தராது. கிளாம்பைக் கழற்றினால் பிளவு வழியாக உரிந்துவிடும். உருளைப் புஷ்தான் அடம் பிடிக்கும்.

முதல் வழி, அழுத்தி எடுப்பது. 12 மி.மீ. மரைக்கம்பி ஒரு முழ நீளம், இரண்டு நட்டு, நாலைந்து கனமான வாஷர், புஷ்ஷின் வெளிவிட்டத்தைவிடச் சற்றே பெரிய சாக்கெட் ஒன்று. சாக்கெட் ஒரு பக்கம் வாங்கிக்கொள்ள, மறுபக்கம் வாஷர் தள்ள, நட்டை இறுக்கினால் புஷ் நகரும். ரப்பர் வெறும் பிடிப்பில் இருந்தால் இதிலேயே வந்துவிடும்.

வராவிட்டால், நடுக்குழாயைச் சுற்றி ரப்பரில் 5 மி.மீ. டிரில்லால் ஏழெட்டு ஓட்டை போடவும். ரப்பர் கட்டு விட்டதும் குழாய் கையோடு வரும், மிச்ச ரப்பரைக் கத்தியால் வழிக்கலாம். உள்ளே வெளி வளையம் ஒன்று ஒட்டியிருந்தால் அவசரப்பட்டு வெட்டாமல் கிட்டின் குறிப்பைப் படிக்கவும். சில கிட்டுகள் அந்த வளையத்துக்குள்ளேயே உட்காரும்படி செய்யப்பட்டவை. சில வெறும் காதுக்கானவை. புதுப் புஷ்ஷின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்து எதில் பொருந்துகிறது என்று பார்த்த பிறகே ஆக்ஸா பிளேடை எடுக்க வேண்டும். வெட்டுவதென்றால் பிளேடை உள்ளிருந்து கொடுத்து, வளையத்தின் தடிமனில் முக்கால் பங்கு மட்டும் வெட்டி, மிச்சத்தைச் சின்ன உளியால் உள்பக்கம் மடக்கவும். பிளேடு காதின் சுவரில் கோடு போட்டால் பின்னாளில் வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

கேஸ் விளக்கு காட்டி ரப்பரை எரிப்பது வேண்டாம். ஒரு சாண் தள்ளி பினியன் சீல் இருக்கிறது, பக்கத்தில் எண்ணெய் இருக்கிறது, புகையும் நல்லதல்ல.

போடுவதற்கு முன்

புஷ் வெளியே வந்ததும் புதிதைச் செருகக் கை பரபரக்கும். ஒரு பத்து நிமிடம் அது உட்காரப் போகும் இடத்தைப் பார்க்கவும். மாற்றிய மூன்றே மாதத்தில் மறுபடி ஆடுகிறது என்று சொல்லப்படும் வேலைகளில் பெரும்பாலும் தவறு புஷ்ஷில் இருக்காது.

கிராஸ் மெம்பரின் போல்ட் ஓட்டையில் போல்ட்டைச் செருகி ஆட்டிப் பார்க்கவும். நெடுநாள் தளர்ந்த போல்ட்டோடு ஓடிய வண்டியில் ஓட்டை முட்டை வடிவமாகியிருக்கும். சரியான விட்டமுள்ள கனமான வாஷரை ஓட்டையின் மேல் மையம் பார்த்து வெல்டு செய்வதுதான் தீர்வு; அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடவும். ஓட்டையைச் சுற்றித் துருவில் முடிபோலக் கோடு தெரிந்தால் அது வெடிப்பாக இருக்கலாம், தேய்த்துப் பார்க்கவும். போல்ட்டின் உடம்பில் நகத்தால் தடவினால் படிக்கட்டுபோலத் தட்டுப்பட்டால் அது தேய்மானம், குப்பையில் போடவும்.

அடுத்தது நடுக்குழாயின் நீளம். போல்ட்டை இறுக்கும்போது பிராக்கெட்டின் இரு சுவர்களும் இந்தக் குழாயைத்தான் நெரிக்க வேண்டும், புஷ்ஷை அல்ல. குழாய் கட்டையாக இருந்தால் போல்ட்டின் பிடி புஷ்ஷின் விளிம்பில் விழும், குழாய் உள்ளே சுதந்திரமாக ஆடும், போல்ட் எவ்வளவு இறுக்கினாலும் தளரும். குழாய் மிக நீளமாக இருந்தால் காதுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்து ரேக் அந்த அளவுக்கு நகரும். புஷ்ஷின் இரு பாதிகளையும் காதில் வைத்து விளிம்புக்கு விளிம்பு அளக்கவும். குழாயும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அல்லது குழாய் ஒரு மயிரிழை நீளம். அதுதான் சரி.

டி-புஷ்ஷுக்கு வேறு கணக்கு. கிளாம்பை வெறும் கையால் வைத்தால் அதன் காலுக்கும் கிராஸ் மெம்பருக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது அந்த இடைவெளி மூடுவதால்தான் புஷ் குழாயை இறுகப் பிடிக்கிறது. இறுக்காமலே கிளாம்பு உட்கார்ந்துவிட்டால் புஷ் சின்னது, அல்லது வேறு வண்டியுடையது. இடைவெளியை ஈடுகட்ட ரேக்கின் அடியில் வாஷர் வைத்துத் தூக்கவும் கூடாது. ரேக்கின் ஒரு முனை உயர்ந்தால் டை ராடின் சாய்வு மாறி, ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் பக்கச் சக்கரம் தானாகத் திரும்பும்.

பொருத்துவது

பாலியூரித்தேன் என்றால் கிட்டோடு வரும் சிலிகான் கிரீஸைப் புஷ்ஷின் உள்துளையிலும் வெளியிலும் விளிம்பிலும் தாராளமாகப் பூசவும். சாதாரண சேஸிஸ் கிரீஸ் தண்ணீரில் கழுவிப் போய்விடும். பிறகு ஒவ்வொரு திருப்பத்துக்கும் கதவு கீல்போலக் கிரீச்சிடும். ரப்பர் என்றால் எண்ணெயோ கிரீஸோ கூடாது. சோப்புத் தண்ணீர் போதும், காய்ந்ததும் தானே பிடித்துக்கொள்ளும். டி-புஷ் உட்காரும் குழாயில் துருவையும் உரிந்த பெயின்ட்டையும் உப்புத்தாளால் தேய்த்து, ஒரு கோட் பெயின்ட் அடித்துக் காயவிடவும். சொரசொரப்பான குழாய் புஷ்ஷை அரம்போல அராவும்.

உருளைப் புஷ்ஷின் இரு பாதிகளையும் காதில் செருகி, அதே மரைக்கம்பியால் நடுக்குழாயை உள்ளே இழுக்கவும். சுத்தியலால் அடித்தால் குழாயின் முனை பிதுங்கி போல்ட் நுழையாது. டி-புஷ்ஷின் தட்டையான முகம் கிராஸ் மெம்பர் பக்கம்.

எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் நாலு மரை ஏற்றிவிட்டு, யூனிவர்சல் ஜாயின்டைக் குறிக்குக் குறி பொருத்தவும். பினியன் பக்கப் போல்ட்டுகளை முதலில் இறுக்க வேண்டும், ஏனென்றால் ரேக்கின் இடத்தைத் தீர்மானிப்பவை அவைதான். கிளாம்பை முதலில் இறுக்கிவிட்டால் ரேக் கோணலாகப் பிடிபட்டு, பினியன் பக்கத்துப் போல்ட் வளைந்து நுழையும். கிளாம்பின் இரண்டு போல்ட்டையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக. ரேக் போல்ட்டுக்கும் கிளாம்ப் போல்ட்டுக்கும் டார்க் ஒன்றல்ல; அந்த வருடத்து வண்டியின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் உள்ள எண்ணையே எடுக்கவும். நட்டு இருக்கும் இடத்தில் போல்ட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டைத்தான் திருக வேண்டும்.

யூனிவர்சல் ஜாயின்ட் பிஞ்ச் போல்ட்டுக்கு 35 நியூட்டன் மீட்டர், டை ராட் எண்டுக்கு 90, சக்கர நட்டுக்கு 110 என்ற அளவில். டை ராட் எண்டின் காட்டர் பின் ஓட்டை ஒத்து வராவிட்டால் நட்டை இன்னும் சற்று இறுக்கி ஒத்துவர வைக்க வேண்டும். தளர்த்தி ஒத்துவர வைக்கக் கூடாது.

ஹோஸைக் கழற்றியிருந்தால் டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஆயிலை ஊற்றி, முன்சக்கரம் தூக்கியபடி, என்ஜின் ஓடாமல் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகப் பத்துத் தடவை திருப்பவும். ஆயில் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு என்ஜினை ஓடவிட்டு மறுபடி. தொட்டியில் நுரை நிற்கும்வரை காற்று இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். கோடியில் பிடித்து நிறுத்தினால் பம்பு சூடாகும்.

ஓட்டிப் பார்க்கும்போது

ஸ்கிட் பிளேட்டைப் போடுவதற்கு முன், பழைய வீடியோச் சோதனையை அப்படியே திரும்பச் செய்யவும். கோடு முன்போல விலகக் கூடாது. இரு கோடியிலும் ஹோஸோ வயரோ இழுபடுகிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் சில டிகிரி சாய்ந்து நிற்கிறதா? பழைய நசுங்கிய புஷ்ஷை வைத்துச் செய்த அலைன்மென்ட் அது. ரேக் இப்போது தன் அசல் இடத்துக்கு வந்துவிட்டதால் நடு நகர்ந்திருக்கிறது. அலைன்மென்ட் கடையில் இரண்டு டை ராடையும் சமமாகத் திருப்பி நடுவைக் கொண்டுவரச் சொல்லவும். பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் யூனிவர்சல் ஜாயின்ட் ஒரு பல் தள்ளிப் பொருந்தியிருக்கிறது. அதைக் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும். ஸ்டீயரிங்கையே கழற்றி நேராக மாட்டிவிடும் குறுக்குவழியில் இரு பக்கமும் திரும்பும் அளவு சமமாக இருக்காது.

ஸ்டீயரிங் கனத்துவிட்டது, வளைவு முடிந்தும் திரும்பி வரவில்லை என்றால் ரேக் கோணலாகப் பிடிபட்டிருக்கிறது. எல்லாப் போல்ட்டையும் தளர்த்தி, ஸ்டீயரிங்கை இருபுறமும் இரண்டு தடவை திருப்பி ரேக் தானாக உட்காரவிட்டு, அதே வரிசையில் மறுபடி இறுக்கவும்.

500 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்சை மறுபடி எடுக்கவும். புதுப் பெயின்ட்டும் துருவின் மிச்சமும் நசுங்குவதால் போல்ட் முதல் தடவை சற்றுத் தளர்வது வழக்கம். இறுக்கியதும் நட்டிலிருந்து பிராக்கெட்டுக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டுவிட்டால், அடுத்த தடவை ஆயில் மாற்ற அடியில் போகும்போது கோடு நேராக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும்.